ஆரஞ்சுக் கொடிப் படகு

கொடி ஆரஞ்சா மஞ்சளா என்று பார்த்துக்கொண்டு நின்றதில் நாத்தனார் கற்பகம் கரையிலேயே நின்றுவிட்டாள், தமயந்தி படகில் வந்துவிட்டாள். நடந்தது இவ்வளவுதான். பாங்காக்கின் ஆற்றுப் படகுகளுக்குக் கொடிதான் அடையாளம். ஆரஞ்சு என்றால் ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகிற படகு, எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே டிக்கெட், மலிவு. நீலம் என்றால் வெளிநாட்டுக்காரர்களுக்கு, மைக்கில் கதை சொல்லிக்கொண்டு போவார்கள், அதற்கும் சேர்த்துத் துட்டு. இதையெல்லாம் கற்பகம் கோவில்பட்டியில் இருக்கும்போதே போனில் வீடியோ பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தாள். காலையில் துறைக்கு வந்ததும் நீலப்படகுக்கு டிக்கெட் விற்கிற பெண் சிரித்துச் சிரித்துக் கூப்பிட்டபோது அவளும் திருப்பிச் சிரித்து, கையை இல்லை என்று ஆட்டி, "அதே ஆறுதான மதினி, மைக்குல சொன்னா மட்டும் வேற ஆறாயிருமா" என்றாள். பிறகு அந்தப் படகு வந்தது. துறையின் ரப்பர் டயரில் இடித்து, கயிற்றைப் போட்டும் போடாமலும் ஒரு பையன் விசிலைப் பிடித்து ஊத, முன்னால் நின்ற கூட்டம் தமயந்தியைத் தூக்கி உள்ளே வைத்ததுபோல் வைத்துவிட்டது. பின்னாலிருந்து கற்பகத்தின் குரல் வந்தது. "மதினி, ஏறிராதீங்க, கொடி மஞ்சளா தெரியுது, மஞ்சள்னா துட்டு கூட, கேட்டுட்டு ஏறுவோம்." தமயந்தி திரும்பிப் பார்த்தபோது இரண்டு பேருக்கும் நடுவில் தண்ணீர் இருந்தது. ஒரு முழம் தண்ணீர், உடனே ஒரு ஆள் நீளம், அப்புறம் அளக்க முடியாத தண்ணீர். வெயிலில் வெளுத்த ஆரஞ்சுக் கொடி அது. மாடியில் புடவை காயப்போடுகிற எந்தப் பொம்பளைக்கும் தெரியும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள், எஞ்சின் சத்தத்தில் அவளுக்கே கேட்கவில்லை.

ஒரு ஓரத்து இருக்கை கிடைத்தது. உட்கார்ந்ததும் மடியில் இருந்த பையைக் கட்டிக்கொண்டாள். பையில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், இருந்தாலும் ஜிப்பைத் திறந்து பார்த்தாள். டப்பாவில் புளிச்சாதம், லாட்ஜ் அறையில் கற்பகம் கொண்டுவந்த குட்டிக் குக்கரில் வடித்தது, வதக்கின மிளகாய், குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்த பாட்டில், ஒரு சின்னத் துண்டு, கற்பகத்தின் பிரஷர் மாத்திரை. துட்டு இல்லை. துட்டு முழுக்கக் கற்பகத்தின் இடுப்புப் பையில், ரெண்டு இடத்துல வச்சா ரெண்டு இடத்துல தொலையும் மதினி. போன் இருந்தது, அதில் இந்த ஊர் சிம் இல்லை. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சுத்தப்போறோம், ரெண்டு சிம் என்னத்துக்கு, நமக்குள்ளயே போன் பண்ணிக்கிடவா. சொல்லும்போது நியாயமாக இருந்தது. கற்பகம் எதைச் சொன்னாலும் சொல்லும்போது நியாயமாகத்தான் இருக்கும், அதுதான் அவளிடம் உள்ள தொந்தரவு. மாத்திரை. சாப்பிட்டதும் போடவேண்டியது என்று சாப்பாட்டோடு சேர்த்து வைத்தாள், அதுவும் நியாயம்தான், இப்போது மாத்திரை படகில், மாத்திரை போடவேண்டியவள் கரையில், வெயிலில், வேர்த்து ஊற்ற அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருப்பாள். மயங்கி விழுந்தால்? அந்தக் கரையில் யார் தூக்குவார்கள், தூக்கி யாரிடம் என்ன சொல்வார்கள். சீச்சீ, விழமாட்டாள். தீப்பெட்டி ஆபீஸில் முப்பது வருசத்துக்குமேல் கணக்கு எழுதினவள், மருந்து வாடையிலும் புழுக்கத்திலும் ஒருநாள்கூட மயங்காதவள். ஆனால் அப்போது பிரஷர் இல்லை. அப்போது வயசும் இல்லை. ஆற்றில் ஆகாயத்தாமரை திட்டுத்திட்டாக மிதந்து வந்து படகில் முட்டி விலகியது. நேற்று இதைப் பார்த்துத்தான் கற்பகம், நம்ம கண்மாய்ல கெடக்கதுதான் இங்கயும் கெடக்கு, இதுக்கா இம்புட்டுத் தொலவு வந்தோம் என்று சிரித்தாள். சிரித்தாலும் அதைப் படம் பிடித்துக்கொண்டாள்.

டிக்கெட் கொடுக்கிற பெண் வந்தாள். கையில் நீளமான தகரக் குழாய், அதன் வாயைத் திறந்து திறந்து மூடி டடக் டடக் என்று ஒரு சத்தம், அந்தச் சத்தத்துக்கே எல்லாரும் காசை நீட்டினார்கள். சத்தம் இருக்கை இருக்கையாக நெருங்க நெருங்கத் தமயந்தி பையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். ஐம்பத்தொன்பது வயசில் டிக்கெட் இல்லாமல் மாட்டப்போகிறேன். வீட்டுக்காரர் கருணாகரன் இருந்திருந்தால் இதற்கே மூன்று நாள் பேசமாட்டார். அவர் போய் நாலாவது வருசம், இன்னும் ஒரு தப்பு நடந்தால் அவர் முகம்தான் முதலில் வருகிறது, பாவம், நல்ல முகம் பின்னால்தான் வரும், மதுரை ரயிலில் ஜன்னலோரம் விட்டுக்கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து தூங்கிக்கொண்டே வருகிற முகம். அவர் எங்கேயும் கூட்டிப்போகவில்லை. கூட்டிப்போக மனசில்லாமல் இல்லை. முதலில் தங்கச்சி கல்யாணம் முடியட்டும் என்றார், அது ஜாதகத்தில் தட்டி, சீரில் தட்டி, கடைசியில் கற்பகமே போதும் விடுங்க என்று சொல்லி முடிந்தது. அப்புறம் பையன் படிப்பு. அப்புறம் சர்க்கரை. டடக் டடக். தமயந்தி எழுந்து நிற்கப் போனாள், இரண்டு கையையும் விரித்து, பிறகு பின்னால் தூரத்தில் போய்விட்ட துறையைக் காட்டி, "நாத்தனா... அங்க... துட்டு" என்றாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. அவளும் அதே பக்கம் கையைக் காட்டி, வாயருகே கையை வைத்துக் கூப்பிடுவதுபோல் செய்து காட்டினாள். பார்த்திருக்கிறாள். கரையில் நின்று கற்பகம் கத்தினதைப் பார்த்திருக்கிறாள். குழாயிலிருந்து ஒரு சின்னச் சீட்டைக் கிழித்துத் தமயந்தியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டுப் போனாள். முன்பின் தெரியாதவள் கையைத் தொட்டதில் தமயந்திக்குக் கண் கலங்கியது, உடனே வெட்கமாகவும் இருந்தது. கற்பகத்திடம் சொன்னால் ஒரு டிக்கெட் மிச்சம் என்பாள். இல்லை, அப்படிச் சொல்லமாட்டாள். இதற்கு என்ன சொல்வாள் என்று தெரியவில்லை.

முதல் துறை வந்தது. இறங்கலாமா. இறங்கி எதிர்ப்பக்கம் போகிற படகைப் பிடித்துத் திரும்பிப் போகலாம், இன்னொரு தடவை சும்மா விடுவார்களா என்பது வேறு. அதற்குள் கற்பகம் அடுத்த படகில் ஏறிவிட்டால்? அவள் இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம், ஆற்று நடுவில் ஒருவரையொருவர் கடந்து போய்விடுவோம். விசில் ஊதிவிட்டது, இறங்கவில்லை. யோசிக்கணும். கற்பகம் என்ன நினைப்பாள் என்று யோசிக்கணும். நான் என்ன செய்யணும் என்பது அப்புறம். கற்பகம் நினைப்பாள்: எங்கே இறங்கினாலும் ஒரே டிக்கெட், மதினி பாதியில் இறங்கினால் திரும்ப ஏற இன்னொரு டிக்கெட், அதனால் இறங்கமாட்டாள், போகவேண்டிய இடத்துக்கே போய் நிற்பாள். போகவேண்டிய இடம் அந்த விடியல் கோயில், வாட் அருண். நம்ம அருணன்தான் மதினி, சூரியனுக்குத் தேரோட்டுறவன், இங்க வந்து கோயில் கட்டிக்கிட்டான். உடைந்த பீங்கானைப் பதித்துப் பதித்தே கோபுரம் கட்டியிருக்கிறார்கள் என்று படித்ததிலிருந்து அவளுக்கு அந்தக் கோயில்மேல் ஒரு தனி மரியாதை. ஒரு தட்டு உடைஞ்சதக்கூட வீணாக்கல பாருங்க. ஆமாம், அங்கேதான் வருவாள். அடுத்த ஆரஞ்சுக் கொடிக்காகக் காத்திருந்து, கொடியை நன்றாகப் பார்த்து, சரியான சில்லறை கொடுத்து வருவாள். தமயந்திக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்குப் பின்னாலேயே ஒரு ஆச்சரியமும் வந்தது. என் பையன் இந்தக் கரையில் நின்றிருந்தால் என்ன நினைப்பான் என்று எனக்குச் சொல்லத் தெரியுமா? கருணாகரன்? தெரியாது. கற்பகத்தின் மண்டைக்குள் எந்தச் சாமான் எந்த அலமாரியில் இருக்கிறது என்று இருட்டில்கூட எடுத்துவிடுவேன் போலிருக்கிறதே.

பையன் நினைப்பு வந்திருக்கக்கூடாது. வந்துவிட்டது. புறப்படுவதற்கு முந்தின வாரம் பிரபாகர் பெங்களூரிலிருந்து பேசினான். அம்மா, வீட்ட வித்துட்டு எங்ககூட வந்துருங்க, வீடு இனிமே செலவுதான், மச்சு ஒழுகுது. அத்தைக்கு மதுரைப் பக்கம் ஒரு ஹோம் பாத்து வச்சிருக்கேன், நீட்டா இருக்கு, தோட்டமெல்லாம் இருக்கு. இங்க ரெண்டு ரூம்தானம்மா, அத்தையையும் எங்க வைக்கிறது. நல்ல பையன், கெட்ட எண்ணமே கிடையாது, ரெண்டு ரூம் என்பதும் உண்மை. ட்ரிப் முடிஞ்சு வந்ததும் அத்தைட்ட பக்குவமாச் சொல்லிருங்க என்றான். தமயந்தி சரி என்றாளா பார்க்கலாம் என்றாளா? பார்க்கலாம் என்றுதான் சொன்னாள், அவன் காதில் சரி என்று விழுந்திருக்கும். அந்த வீட்டின் மாடி அறை கற்பகம் சீட்டுப் போட்டுக் கட்டினது. பிரபாகருக்குக் காய்ச்சல் என்றால் அவள் மடிதான் வேண்டும் அவனுக்கு. அதை அவன் மறக்கவில்லை, ஹோமுக்கு மாதாமாதம் தானே கட்டுகிறேன் என்கிறானே. மறக்கவில்லை, ஆனால் அது ஒரு பில்லாக மாறிவிட்டது. நான் மட்டும் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? நாலு நாளாக இவளோடு ஊர் சுற்றிக்கொண்டு, இவள் சொல்கிறபடியெல்லாம் நடந்துகொண்டு, கடைசியாக ஒரு தடவை சந்தோசமாக இருக்கட்டும் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டு. கடைசியாக. ஊருக்கு அனுப்புகிற பிள்ளைக்கு முந்தின நாள் பிடித்ததைச் சமைத்துப் போடுவதுபோல. நேற்று பெரிய கோயிலில் டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு மதில்சுவர் ஓரமாகவே நடந்து, எட்டிப் பார்த்தாலே கலசம் தெரியுதே மதினி என்று கற்பகம் குதிகாலை உயர்த்தி நின்றபோது, தெரியுது தெரியுது என்றாள் தமயந்தியும். இரண்டு டிக்கெட் வாங்கு கற்பகம் என்று ஏன் சொல்லவில்லை? மதியம் ஏ.சி.க்காகப் பெரிய மாலுக்குள் போய் ஒரு சாமானும் வாங்காமல் மூன்று மாடி பார்த்தார்கள். சிலோம் ரோட்டு மாரியம்மன் கோயிலில் பிரசாதத்தோடு ராச்சாப்பாட்டை முடித்துக்கொண்டார்கள். கால் வலித்தது, ஆனால் இவ்வளவு சிரித்து எத்தனை வருசம் ஆயிற்று. மலிவாகப் பார்க்கிற ஊர் வேறு மாதிரி இருக்கிறது, ஒவ்வொன்றும் ஜெயித்து வாங்கினதுபோல.

பூ வாடை வந்தது. இடதா வலதா தெரியவில்லை, ஏதோ கரையில் பூ மார்க்கெட் இருக்கவேண்டும், செவ்வந்தியும் ஈரச்சாக்கும் கலந்த வாடை. எத்தனை துறை தாண்டிவிட்டது? எண்ணாமல் விட்டுவிட்டாள். கோயில் தாண்டிவிட்டதா? பயம் திரும்ப வந்தது. இந்தப் படகு இப்படியே போய்க்கொண்டே இருந்தால், கடலுக்கோ காட்டுக்கோ, பெயர் சொல்லக்கூடத் தெரியாமல், தங்கின லாட்ஜின் பெயர்கூட... லாட்ஜின் பெயர் என்ன? மாரியம்மன் கோயில் பக்கம், அது போதுமா? அப்போது வளைவில் திரும்பின படகுக்கு முன்னால் கோபுரம் எழுந்து நின்றது, படங்களில் பார்த்ததைவிட மங்கலாக, ஆயிரம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கினதுபோல. டிக்கெட்காரப் பெண் கூட்டத்துக்கு மேலாக இவளைப் பார்த்துக் கண்ணாலேயே இங்கேயா என்று கேட்டாள். தமயந்தி தலையாட்டினாள்.

மிதக்கும் துறையில் ஒரு பெஞ்சு. அலை வரும்போதெல்லாம் துறையே மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கியது. அடுத்த ஆரஞ்சுப் படகு வந்தது. தமயந்தி எழுந்து நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்; பிள்ளைகள், காவித்துணி போட்ட பிட்சுகள், தொப்பி வைத்த வெள்ளைக்காரர்கள், கற்பகத்தின் நீல நிற நூல்புடவை மட்டும் இல்லை. சரி, அதற்குப் பின்னால் வருவதில் வருவாள், கூட்டமாக இருந்திருக்கும். பின்னால் வந்ததிலும் இல்லை. அதற்குப் பின்னாலும் இல்லை. அப்போதுதான் இவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்த கணக்கு உடைந்தது. என்ன தெரியும் எனக்கு அவளைப் பற்றி? சிக்கனம் தெரியும். சிக்கனத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எப்போதாவது குனிந்து பார்த்தேனா? விழுந்துவிட்டாள். கரையில் விழுந்து கிடக்கிறாள், இடுப்புப் பையை யாரோ அவிழ்க்கிறார்கள். இல்லை, போலீசில் உட்கார்ந்திருக்கிறாள். இல்லை, நான் வருவேன் என்று அதே இடத்தில் அசையாமல் நிற்கிறாள், சாயங்காலம் வரை நிற்பாள், மாத்திரை இல்லாமல். பெட்டி கட்டும்போது சாதாரணமாகத்தான் கேட்டாள்: மதினி, நாம திரும்பி வந்து ஐப்பசிக்குள்ள மச்சு ஒழுகாம இருக்க மேல தட்டோடு போட்டுருவோமா? தமயந்தி பேச்சை மாற்றிவிட்டாள். எப்படி மாற்றினாள்? குக்கர் வயரை எடுத்து வைத்தாயா என்று கேட்டாள். இப்போது அவள் வரட்டும், வந்தால் போதும், வந்ததும் சொல்லிவிடுகிறேன், எதைச் சொல்வேன் என்று இன்னும் தெரியவில்லை, வரட்டும்.

லாரி எஞ்சினைத் தூக்கிப் படகில் வைத்ததுபோல் ஒரு சத்தம் ஆற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது. பணக்காரச் சுற்றுலாக்காரர்கள் தனியாக வாடகைக்கு எடுக்கிற நீளமான ஒல்லிப் படகு, மூக்கில் கலர் துணியும் மாலையும் சுற்றினது. நேற்றுதான் அதற்கு ஆள் பிடிக்கிறவனைப் பார்த்துக் கற்பகம், தனிப்படகா, நாம என்ன ராஜா வீட்டுப் பிள்ளைகளா என்று விரட்டினாள். பதினைந்து பேர் உட்காருகிற அந்தப் படகில் ஒரே ஒரு பெண் நட்டநடுவில் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொல்லி ஓட்டுகிறவன் கத்திக்கொண்டிருந்தான். அவள் தலைமுடி அவிழ்ந்து, நீலப்புடவை முழங்கால் வரை நனைந்து, துறையைப் பார்த்து இரண்டு கையையும் வாயருகில் குவித்து "மதினி" என்று கூப்பிட்டாள். தொண்டை கட்டிப்போன குரல். அந்தக் குரலிலேயே தெரிந்தது, அது முதல் கூப்பாடு இல்லை.

தமயந்தி கைகொடுத்து அவளை ஏற்றினாள். கை ஜில்லென்று இருந்தது. கற்பகம் இடுப்புப் பையைத் திறந்து அப்படியே ஓட்டுகிறவன் முன் நீட்டினாள், அவன் எடுத்துக்கொண்டான், அவள் மீதியைப் பார்க்கவில்லை.

"எங்க போனீங்க நீங்க" என்றாள் கற்பகம். "மொத துறையிலயே பயந்து எறங்கியிருப்பீங்கன்னு நெனச்சேன். இல்ல. அடுத்ததுல இல்ல. ஒவ்வொரு துறையா நிறுத்தச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே வாரேன். எல்லாவனும் பாக்கான்."

"நீ ஆரஞ்சுப் படகுலதான் வருவேன்னு நான் இங்கயே இருந்தேன்."

"அது எப்ப வரும்னு யாருக்குத் தெரியும். நீங்க கையில ஒத்தக் காசு இல்லாமப் போறீங்க."

"இதுக்கு எவ்வளவு கேட்டான்?"

"நான் கேக்கவே இல்ல" என்றாள் கற்பகம். சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்ததுபோல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். தமயந்தி பாட்டிலைத் திறந்து கொடுத்தாள், துண்டை எடுத்து அவள் நெற்றியையும் கழுத்தையும் துடைத்தாள். மாத்திரைக்கு முன்னால் சாப்பிடவேண்டுமே என்று டப்பாவைத் திறந்து, மூடியில் சோற்றை எடுத்து வைத்து அவள் கையில் கொடுத்தாள். வாயில் வைக்கும்போது இரண்டு பருக்கை புடவையில் விழுந்தது, கற்பகம் அதைப் பொறுக்கி எடுக்காமல் விட்டாள். அவள் அப்படி விட்டதைப் பார்த்ததும் தமயந்தியால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"கற்பகம், பிரபா ஒண்ணு சொன்னான். வீட்ட விக்கணும்னு. என்னைப் பெங்களூர் வரச் சொல்லுதான். உனக்கு மதுரையில ஒரு எடம் பாத்திருக்கான்."

கற்பகம் மென்றுகொண்டிருந்தாள். ஆற்றைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள். "இத இப்பவா சொல்லணும். மூச்சு வாங்க விடுங்களேன்."

"பத்து நாளா சொல்லாம வச்சிருக்கேன்."

"பெங்களூர் நல்லதுதான். வெயில் கிடையாது. பேரன் இருக்கான்." மூடியில் இருந்த சோற்றை ஓரமாக ஒதுக்கிச் சேர்த்தாள். "எனக்கென்ன. ஒத்த ஆளு. எங்க இருந்தா என்ன."

"நான் போகலைன்னு சொல்லப்போறேன்."

துறை ஒரு தடவை ஏறி இறங்கியது. கற்பகம் திரும்பவில்லை. "அவன் வருத்தப்படுவான்" என்றாள்.

"படட்டும். லீவுக்குப் பேரனைக் கூட்டிட்டு வரட்டும். மாடி ரூம்ல இருக்கட்டும்."

"மாடி ரூம் ஒழுகுதே மதினி."

"தட்டோடு போடுவோம்."

"நல்லா போடுவோம், துட்டுக்கு எங்க போக?" என்று கேட்டுவிட்டுக் கற்பகம் இப்போதுதான் தமயந்தியின் முகத்தை நேராகப் பார்த்தாள். கண்ணோரம் நனைந்திருந்தது, ஆற்றுத் தண்ணீராகவும் இருக்கலாம். அவள் மூடியைப் பெஞ்சில் வைத்துவிட்டு, புளி ஒட்டின விரலாலேயே காற்றில் கோடு போட ஆரம்பித்தாள். மச்சு முழுக்க வேண்டியதில்லை, வடக்குப் பக்கம் பாதிதான் ஒழுகுகிறது. தட்டோடு எட்டையபுரம் ரோட்டில் வாங்கக்கூடாது, சூளையிலேயே நேரடியாகப் போய் எடுத்தால் வண்டிக்கூலி போக லாபம். கொத்தனாருக்குச் சாப்பாடு நாமே போட்டுவிட்டால் கூலியில் குறைத்துக் கேட்கலாம். பழைய ஓட்டில் உடையாததைக் குளியலறைக்குப் போட்டுக்கொள்ளலாம். தமயந்திக்குப் பாதி காதில் விழுந்தது, பாதி படகுச் சத்தத்தில் போயிற்று. அவள் ம் ம் என்று கேட்டுக்கொண்டே மாத்திரையைப் பிரித்து அந்தப் புளி விரல்களுக்கு நடுவில் வைத்தாள். கற்பகம் பேச்சை நிறுத்தாமல் அதை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீர் சேர்த்தால்தான் ஒழுகாது, அதை மட்டும் மிச்சம் பிடிக்கக்கூடாது மதினி என்றாள்.